சுகாதாரக் கல்வித் தொண்டு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முதுமொழி. அச்செல்வத்தை மருந்தொன்றே ஈட்டித் தருமோ? கண்டியை அடுத்த மாத்தளையின் வரலாற்றில் நாம் விடை காணலாம்.

1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் தாபனத்தார் அங்குள்ள தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தமிழ்த் தொழிலாளர் மருந்துண்டனர், புழுக்கள் நீங்கின. எனினும், மலசலகூட வசதி குன்றிய லயன்களைச் சூழ்ந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தோரின் பாதத்தோலைத் துளைத்து இளம்புழுக்கள் மீண்டும் உடலிற் புகுந்தன. மலசலகூடம் அமைக்கத் தோட்டத்துரைமார் இசைதல் வேண்டும். அதனைப் பயன்படுத்தத் தொழிலாளர் பழகுதல் வேண்டும். இவ்விரு சாராரிடமும் எடுத்துரைப்பதே சுகாதாரக் கல்வியாளர் பணி. 1926இல் களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவும் இக்கல்வியைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது.

இன்று கண்டியை வருத்துவது டெங்கு. அதனைப் பரப்பும் நுளம்பு, முற்றத்துச் சிரட்டையில் தேங்கிய நீரிலும் பெருகும். அச்சிரட்டையை அகற்றுதற்கு மருத்துவமனை வேண்டுவதில்லை. வீடுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் பொறுமையுடன் விளக்குவோர் வேண்டும். பேராதனையில் மருத்துவம் பயில விழையும் நம் மாணவர், இத்தொண்டினையும் உயர்ந்த வாழ்க்கைப் பணியாக எண்ணுவாராக என வேண்டுகின்றோம்.