மடைப்பள்ளிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஜப்பானிய பௌத்த மடாலயச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். சோறு, ஒரு சூப், இரண்டு காய், ஊறுகாய். தட்டைப் பார்த்துவிட்டு ‘இதில் கற்க என்ன இருக்கிறது’ என்று கேட்கிறீர்கள். தட்டில் பண்டம் குறையக் குறைய, அடுப்படியில் கவனம் கூடவேண்டும் பிள்ளைகளே. அதற்காகத்தான் இந்தச் சில வார்த்தைகள்.

1. விலக்கு எது என்று முதலில் மனத்தில் பதியுங்கள். கறி, மீன் கிடையாது. பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாளும் கிடையாது. பழைய பௌத்த விலக்குப் பட்டியலில் பெருங்காயமும் உண்டு. கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும், அடக்குங்கள். கடையில் விற்கும் தாஷி என்ற சூப்புப் பொடியில் பெரும்பாலும் மீன் இருக்கும். பாக்கெட்டைப் படிக்காமல் போடாதீர்கள்.

2. சூப்புக்கு அவசரம் ஆகாது. கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் முதல் நாள் இரவே தனித்தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் சூடாக்கும்போது, கொதி வருமுன் பாசியை எடுத்துவிடுங்கள். விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும்.

3. அரிசியைப் பார்த்துக் களையுங்கள். எய்ஹெய்ஜி மடத்தை நிறுவிய டோகென், மடத்துத் தலைமைச் சமையற்காரருக்கென்றே 1237இல் ‘தென்ஸோ கியோகுன்’ என்ற நூல் எழுதினார். கல்லைப் பொறுக்குவதையும் ஒரு மணி அரிசி வீணாகாமல் பார்ப்பதையும் அவர் தியானத்துக்குச் சமமாக வைத்தார். களைந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளை முள்ளங்கியை அதில் வேகவைத்தால் கசப்பு போகும்.

4. சாதுவான சுவைக்கு நாக்கைப் பழக்குங்கள். ஜப்பானிய மடத்தாருக்கும் சுவை ஆறுதான். ஆனால் நம் துவர்ப்பின் இடத்தில் அவர்கள் வைத்திருப்பது உறைப்போ உப்போ தூக்காத மென்சுவை. காயின் சொந்த ருசி நாக்குக்குத் தெரிந்த பிறகு சோயா சாஸை எடுங்கள்.

5. எள் டோஃபுவில் கையைத் தேற்றுங்கள். பெயர்தான் டோஃபு; சோயா இதில் இல்லை. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை, உள்ளே வரிவரியாகக் கீறிய சூரிபாச்சி உரலில் எண்ணெய் கசியும்வரை அரையுங்கள். தண்ணீரும் குட்ஸுக் கிழங்கு மாவும் கரைத்து, துணியில் வடிகட்டி அடுப்பேற்றுங்கள். கொஞ்ச நேரம் பாலாக ஓடும். திடீரென்று அடியில் கட்டி கட்டியாகத் திரளும். புதியவர்கள் பயந்து அடுப்பை அணைப்பது இங்கேதான். தீயைக் குறைத்து, அல்வா கிண்டுவதுபோல் விடாமல் கிண்டுங்கள். கட்டி கரைந்து பளபளப்பு ஏறும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரியும். அதற்குப் பிறகும் கை ஓயக்கூடாது. மாவு வாடை முழுக்கப் போனதும் அச்சில் ஊற்றி ஆறவிடுங்கள்.

6. குப்பைக்கூடைக்கு வேலை வைக்காதீர்கள். சூப்புக்கு ஊறிய பாசியை நறுக்கி சோயா சாஸில் சுண்டவைத்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. முள்ளங்கித் தோலைச் சீவி வதக்கலாம். ஜென் துறவிகள் சாப்பிட்ட கிண்ணத்தை வெந்நீர் விட்டுக் கழுவி, அந்த நீரையும் குடிப்பவர்கள். அவர்களுக்குச் சமைக்கிறவர் தோலை எறியலாமா?

7. உங்கள் வேலையை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். சீனாவின் தியான்டோங் மடத்தில், 68 வயதுத் தலைமைச் சமையற்காரர் கொளுத்தும் வெயிலில் தலையில் தொப்பியும் இல்லாமல் சமையல் பொருளை உலர்த்திக்கொண்டிருந்தார். உதவியாளரிடம் கொடுக்கலாமே என்றார் இளைஞர் டோகென். மற்றவர் செய்தால் அது தான் செய்ததாகாது என்றார் கிழவர். அந்தப் பேச்சை டோகென் தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

8. முதல் மாதம் சோறு, சூப், ஒரு காய், இவை போதும். தினமும் அதையே செய்யுங்கள். நேற்றைய முள்ளங்கிக்கும் இன்றைய முள்ளங்கிக்கும் உப்பு ஒரே அளவு பிடிக்காது என்பது கைக்குப் புரிந்ததும் அடுத்த பண்டத்துக்கு வாருங்கள்.