மது விட்ட தகப்பனாரின் மூளையைத் தேற்றும் முறை

நடுக்கமும் பிதற்றலும் தணிந்து, போதை மீட்பு மையத்திலிருந்து தகப்பனார் வீடு திரும்பியதும், கண்டம் கடந்துவிட்டதென்று குடும்பத்தார் ஆறுதல் கொள்வது இயல்பே. ஆயினும், பல வருஷங்கள் சாராயத்தில் ஊறிக் கிடந்த மூளை அந்தச் சில நாட்களில் பூர்வ நிலையை எய்திவிடுவதில்லை; மதுவை அறவே தொடாதிருப்பவருக்கும் அந்தத் தேறுதல் வாரக்கணக்கில் தொடங்கி மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், மெள்ள மெள்ளவே நடைபெறும்.

முதற் காரியம் தயாமின், அதாவது வைட்டமின் பி1. குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்டதிலுள்ள தயாமினையும் மது உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. ஆகையால், வைத்தியர் எழுதிய மாத்திரையை, "இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறாரே" என்று நீங்களாக நிறுத்திவிடலாகாது. சாதத்துக்கு நான் புழுங்கலரிசியின் கட்சி. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள இந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறபடியால், தீட்டிய பின்பும் பச்சரிசியைக் காட்டிலும் அதிகம் எஞ்சுகிறது. கண்கள் நிலைகொள்ளாமல் ஆடினாலும், கால்கள் தள்ளாடினாலும், புத்தி திடீரென்று குழம்பினாலும், இவற்றுள் ஒன்றே கண்டாலும், வைத்தியர் கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்த, தயாமின் குறைவால் மூளைக்கு நேரும் ஆபத்தாக அஃது இருக்கக்கூடுமாகையால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடித்திருந்த கதையை வெட்கத்தால் மறைக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயாமின் ஊசி போடவேண்டுமா என்பதை அதைக் கேட்டுத்தான் வைத்தியர் நிச்சயிப்பார்.

தூக்கம் பல வாரங்கள் ஒழுங்குபடாது; கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். காலையில் நடக்கச் செய்யுங்கள்.

இனி, பெரும்பாலோர் இடறும் இடத்துக்கு வருகிறேன். வாசற்படி தாண்டாத மனிதர், "நேற்று உன் அத்தை வீட்டுக்குப் போய்வந்தேன்" என்று நிதானமாகச் சொல்வார். "நான் குடிக்கவே இல்லை" என்ற பொய்யை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கசந்துபோன பிள்ளைகளுக்கு இதுவும் அந்தப் பழைய பொய்யின் தொடர்ச்சியாகவே ஒலிக்கிறது; கோபம் பொங்குகிறது. அது பொய்யன்று. ஞாபகத்தில் விழுந்த பள்ளத்தை மனம் தானாகவே ஏதோ ஒரு பழைய நினைவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. சொல்பவர் அதை மெய்யென்றே நம்புகிறார். ருஷ்ய வைத்தியரான செர்கேய் கோர்சகோவ் 1887-இலேயே இத்தகைய ஞாபகக் கோளாறைப் பற்றி எழுதிவிட்டார். நம் வீடுகளில்தான் இன்னும் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

அத்தருணத்தில் ஆமோதிக்கவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். "அத்தையைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறதா அப்பா? ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூட்டிப்போங்கள். பார்க்க வருகிறவர்கள், "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். இதில் நான் தாட்சண்யம் பார்ப்பதில்லை. ஞாபகம் பழுதுபட்டவர் ஊகித்துச் சொல்லும் பிழையான விடை சரியான விடையைக் காட்டிலும் ஆழமாகப் பதிந்துவிடக்கூடும்; ஆதலால் கேள்விக்கு இடமின்றி விடையை முதலிலேயே கொடுத்துவிடுவதே உசிதம். "அப்பா, இன்று வியாழக்கிழமை, சாயங்காலம் சித்தப்பா வருகிறார்" என்று சொல்லுங்கள். நாட்காட்டியை ஒரே ஆணியில் மாட்டுங்கள். மூக்குக் கண்ணாடியும் மாத்திரை டப்பியும் என்றும் ஓரிடத்திலேயே இருக்கட்டும். அன்றன்றைக்கு நடந்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் கையாலேயே, நீங்கள் சொல்லச் சொல்ல, எழுதச் செய்யுங்கள். ஒரு புதிய காரியத்தைப் பழக்குவதாயினும், ஒவ்வொரு படியையும் நீங்களே காட்டி, பல நாட்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியாகச் செய்விப்பதே பலன் தரும். பொறுமை போய்விட்டதென்று தோன்றினால், எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள். வேறொருவர் அரைமணி நேரம் உட்காரட்டும்.

சோற்றில் ரகசியமாகக் கலக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அவற்றில் டைசல்ஃபிரம் போன்ற மருந்து இருந்து, அதை அறியாமல் அவர் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, பிராணனுக்கே அபாயம் நேரலாம். அந்த மருந்தை அவர் சம்மதத்தோடும் வைத்தியர் மேற்பார்வையிலுமே கொடுக்கவேண்டும். அப்படி உட்கொள்ளுகிறவருக்கு, 'உடம்பு தேறட்டும்' என்று பாட்டிமார் ஊற்றும் அரிஷ்டமும் ஆகாது. அது புளிக்கும்போதே அதில் மது உண்டாகிவிடுகிறது. மருந்து உட்கொள்ளாதவருக்கும் அந்தப் புட்டி அலமாரியில் வேண்டாம்.