‘நார்மல்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் வழக்கும்

விஞ்ஞான அறிக்கைகளைத் தமிழில் பெயர்க்கும்போது அருஞ்சொற்கள் அத்துணைத் தொல்லை தருவதில்லை. அவற்றுக்குக் கலைச்சொற் பட்டியல்கள் உண்டு. பட்டியலில் இல்லாதவற்றை ஆங்கில ஒலிப்படியே தமிழில் எழுதிவிட்டு மேலே செல்லலாம். எல்லாரும் அறிந்த எளிய சொற்களே இடறச் செய்பவை. அவற்றுள் ‘நார்மல்’ என்னும் அடைமொழி தலையாயது. ‘சாதாரணமான’ என்று அகராதி கூறும் பொருளைக் கொண்டு மழை அறிக்கையைப் படிப்பவரும், ஆய்வுக்கூடக் குறிப்பைப் படிப்பவரும் வெவ்வேறு வகையில் தவறிப் போகின்றனர்.

இச்சொல்லின் மூலம் ‘நார்மா’ என்னும் இலத்தீன் சொல். தச்சர் கையாளும் மூலைமட்டத்துக்கு அது பெயர். ஆகவே முதற்பொருள் ‘மூலைமட்டத்துக்கு ஒத்த’, அதாவது ‘செங்கோணமான’ என்பதே. வடிவ கணிதத்தில் இப்பொருள் இன்றும் அழியாதிருக்கிறது. ஒளி எதிரொளித்தல் பாடத்தில், கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோட்டை ‘நார்மல்’ என்கிறோம். சாதாரணமான கோடு என்று எந்த ஆசிரியரும் அதை விளக்கார். மட்டத்துக்கு ஒத்தது என்பதிலிருந்து விதிக்கு ஒத்தது, மாதிரிக்கு ஒத்தது என்று பொருள் விரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை ‘நார்மல் பள்ளி’ என்று அழைத்ததும் இதனாலேயே. கற்பித்தலுக்கு மாதிரி வகுக்கும் பள்ளி என்பது கருத்து. ‘வழக்கமான’ என்னும் பொருள் பின்னரே வந்து சேர்ந்தது.

எனவே இச்சொல்லைக் காணுமிடத்தெல்லாம், ‘எந்த மட்டத்தை வைத்து அளந்தது?’ என்று கேட்டுப் பழகவேண்டும்.

மண் பரிசோதனை நிலையத்தில் பணிபுரிவோர் ‘நியூட்ரல் நார்மல் அம்மோனியம் அசிடேட்’ என்னும் கரைசலை அறிவர். பயிருக்குக் கிட்டும் பொட்டாசியத்தை அளக்க இது பயன்படுகிறது. இங்கே ‘நியூட்ரல்’ என்பது அமிலமும் காரமும் அல்லாத நிலையையும், ‘நார்மல்’ என்பது செறிவையும் குறிக்கும். ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் சமான எடைப் பொருள் இருப்பின் அது ஒரு நார்மல் கரைசலாகும். கந்தக அமிலமாயின் இது லிட்டருக்கு 49 கிராம். சமையல் உப்பாயின் 58.5 கிராம். பாடநூல்களில் இந்த அலகின் இடத்தை ‘மோலார்’ பெரிதும் பற்றிக்கொண்டுவிட்டது. ஆய்வுக்கூடச் செய்முறைக் குறிப்புகளிலிருந்து அது இன்னும் மறையவில்லை.

மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் ‘நார்மல் சலைன்’ இதனின்றும் வேறானது. அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பே உண்டு. இரத்தத்தின் செறிவை ஏறத்தாழ ஒத்திருப்பது என்னும் கருத்தில் அப்பெயர் வழங்குகிறது. வேதியியலாரின் நார்மல் உப்புக் கரைசல் இதைவிட ஆறரை மடங்கு செறிவுள்ளது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு நாளத்தில் செலுத்தினால் உயிருக்கே கேடு விளையும். இரண்டு புட்டிகளிலும் ஒட்டியிருப்பது ஒரே அடைமொழிதான் என்பதை மாணவர்களுக்கு எடுத்துக் கூறுவது நலம்.

கள ஊழியர்கள் நாள்தோறும் இச்சொல்லைச் சந்திப்பது வானிலை அறிக்கையில். இங்கு அது பெயர்ச்சொல்லாகவும் அடைமொழியாகவும் வருகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது அதன் பொருள் நெடுங்காலச் சராசரி என்பது. நாடு முழுமைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையின் நார்மல், 1971 முதல் 2020 வரையுள்ள ஐம்பது ஆண்டுகளைக் கொண்டு கணக்கிட்டபடி 87 சென்டிமீட்டர். 1961 முதல் 2010 வரையுள்ள ஆண்டுகளைக் கொண்டபோது அது 88 ஆகவும், அதற்கு முன்பு 1951 முதல் 2000 வரையுள்ள ஆண்டுகளைக் கொண்டபோது 89 ஆகவும் இருந்தது. மட்டமே நகர்ந்து வந்திருக்கிறது. முன்பு குறைவெனக் கருதிய மழை, இன்றைய மட்டத்தில் குறைவற்றதாகத் தோன்றக்கூடும்.

அடைமொழியாக வரும்போது அது ஓர் எண்ணைக் குறிப்பதில்லை. எல்லையுள்ள ஓர் இடைவெளியைக் குறிக்கிறது. அந்த எல்லையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவம் முழுமைக்கும் வெளியிடும் முன்னறிவிப்பில் ‘நார்மல்’ என்பது சராசரியில் நூற்றுக்கு 96 முதல் 104 வரை. மாவட்ட மழைக் கணக்கிலோ, சராசரிக்கு மேலும் கீழும் நூற்றுக்கு 19 வரை விலகினாலும் ‘நார்மல்’ என்றே குறிப்பர். ஒரு மாவட்டத்தின் சராசரி 500 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 405 மில்லிமீட்டர் பெய்தாலும் நார்மல், 595 பெய்தாலும் நார்மல். மானாவாரி நிலமுடையவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகுமா?

கூட்டுத்தொகை மறைப்பது இன்னும் பெரிது. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் நாடு முழுமைக்கும் பெய்த மழை சராசரியில் நூற்றுக்கு 94. சிறு குறைவுதானே என்று தோன்றும். மாதந்தோறும் பிரித்து நோக்கினால், ஜூலையில் நூற்றுக்கு 113 பெய்து, ஆகஸ்டில் 64 மட்டுமே பெய்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அத்துணை வறண்ட ஆகஸ்டு வேறில்லை. பின்னர்ச் செப்டம்பரில் மறுபடியும் 113. ஆகஸ்டில் வாடிய பயிர் செப்டம்பர் மழையைக் கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை!

இனி, இதைத் தமிழில் எவ்வாறு கூறுவது? ‘இயல்பான மழை’ என்பது இன்று பெருவழக்காகிவிட்டது; கேட்பதற்கும் இனிது. ஆனால் இயல்பு என்றவுடன், இயற்கை தவறாது தரவேண்டிய பங்கு என்னும் எண்ணம் எழுகிறது. ‘வழக்கமான மழை’ என்றால், கேட்பவர் தமக்கு நினைவிலுள்ள நாலைந்து ஆண்டுகளையே எண்ணிக்கொள்வார். ‘போதிய மழை’ என்பது முற்றிலும் தவறு. நார்மல் என்னும் சொல்லில் போதுமா போதாதா என்னும் தீர்ப்பே இல்லை. ஜெய்சால்மரில் நார்மலாகப் பெய்யும் மழை நெற்பயிருக்கு எந்நாளும் போதாது. பெயர்ச்சொல்லாக வருமிடத்தில் ‘நெடுங்காலச் சராசரி’ என்றும், அடைமொழியாக வருமிடத்தில் ‘சராசரியை ஒட்டிய’ என்றும் எழுதி, பக்கத்தில் எல்லையை எண்ணால் குறிப்பதே என் வழக்கம். சற்று நீளும்தான், ஆயினும் கிராமத்தில் படித்துக் காட்டும் ஊழியர் மறுகேள்விக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை.

வெப்ப அலை எச்சரிக்கையிலும் இதே கவனம் வேண்டும். ‘நார்மலுக்கு மேல் 4.5 டிகிரி’ என்னும் தொடரைச் சிலர் ‘வழக்கத்துக்கு மாறாக 4.5 டிகிரி’ என்று பெயர்த்துவிடுகின்றனர். அங்ஙனம் எழுதினால் வெயிலே 4.5 டிகிரிதான் என்று பொருள்படும். சமவெளியில் ஓர் இடத்தின் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்டி, அந்நாளுக்குரிய சராசரியைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை மிகுந்திருப்பின் அது வெப்ப அலை, 6.4க்கு மேற்படின் கடும் வெப்ப அலை. அந்நாளின் சராசரி 38 டிகிரியாக உள்ள ஊரில் 42.5 டிகிரியை எட்டும்போது எச்சரிக்கை பிறக்கும். சராசரி 35 டிகிரியாக உள்ள ஊரில் 39.5 டிகிரிக்குப் பிறக்காது. விலகல் அதே 4.5 டிகிரிதான், ஆயினும் 40 எட்டவில்லை. இவ்விரு கணக்குகளையும் வகுப்பில் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டலாம்.