சந்தேகம்: ஒரு சொல், இரு பொருள்

அரசாங்கக் கடிதங்களிலும் ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் 'சஸ்பிஷஸ்' என்னும் சொல்லை நாம் காண்கிறோம். நம்பிக்கையின்மையைக் குறிக்கும் உரிச்சொல் இது. இதன் பொருளை ஆராய்ந்தால், மொழியறிவோடு ஊர்ப் பொதுப்பணிக்கு வேண்டிய படிப்பினை ஒன்றும் கிட்டும்.

சொல்லின் பிறப்பு

இச்சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. கீழிருந்து நோக்குதல் என்பது அதன் மூலப்பொருள். நேரே பாராமல் மறைவாகப் பார்ப்பதை நம் ஊர்களில் 'ஓரக்கண்ணால் பார்ப்பது' என்கிறோம் அன்றோ? கருத்து அதுவே.

இருவேறு வழக்கு

ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல், சந்தேகப்படுகிறவரையும் குறிக்கும். சந்தேகத்திற்கு ஆளானவரையும் குறிக்கும். இதனை அடுத்து 'ஆஃப்' என்னும் சிறுசொல் வருமாயின், பெரும்பாலும் சந்தேகப்படுகிறவரைக் குறிக்கிறது எனக் கொள்ளலாம். 'சஸ்பிஷஸ் டெத்' என்றாலோ, சந்தேகத்திற்கு இடமளிக்கும் மரணம் என்பது பொருள். இடமறிந்து பொருள் கொள்ளாவிடில், ஐயுற்றவரே குற்றவாளி ஆகிவிடுவார்!

தமிழில் 'சந்தேகப்படுகிறவர்' வேறு, 'சந்தேகத்திற்கு உரியவர்' வேறு. ஆயினும், மொழியில் பிரித்து வைத்த இவ்விரண்டையும் ஊர் விவகாரங்களில் நாம் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஒருவர் மனத்தில் ஐயம் எழுந்தவுடனே மற்றவர் தலையில் குற்றம் ஏறிவிடுகிறது. ஐயம் என்பது ஐயுறுபவரின் மனநிலை. குற்றமோ மெய்ப்பிக்கப்பட வேண்டியது.

வாய்க்காலும் களமும்

தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் நாற்றங்கால் காயும்போது, மேல்மடைக்காரர் மதகை இரவில் திறந்துகொண்டார் என்ற ஐயம் எழுவது இயல்பே. அது உண்மையாகவும் இருக்கலாம்; வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் வண்டலும் அடைத்திருக்கவும் கூடும். இரு ஊராரும் சேர்ந்து வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தாலன்றி இது விளங்காது. வீண் சச்சரவில் நாள் கழியுமாயின், காய்வது பயிரே.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் அவ்வாறே. 40 கிலோ சிப்பத்தின் எடையில் விவசாயிக்கு ஐயம். நெல்லின் ஈரப்பதத்தில் பணியாளருக்கு ஐயம். தராசும் ஈரப்பதம் அளக்கும் கருவியும் இருவர் கண்முன்னும் இயங்குமாயின் இரண்டும் தெளியும். எடையைத் திரும்பக் காட்டச் சொல்வது உரிமை. பாராமலே பழிப்பது தவறு.

மாநிலங்களுக்கிடையிலும் அளவையே சான்றாகிறது. சாதாரண ஆண்டில் தமிழ்நாட்டிற்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் தரப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. குறைந்தது என்று வாதிடவும் அந்த அளவே ஆதாரம்.

பஞ்சாயத்தின் கடமை

திருக்குறளின் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. முதலில் ஆராய்ச்சி, பின்னர் நம்பிக்கை என்னும் வரிசையை அத்தலைப்பே உணர்த்துகிறது. கிராம சபையில் வரவு செலவு கேட்பவரைக் 'குதர்க்கவாதி' என்று ஒதுக்குவது முறையன்று. அவர் ஐயுறுகிறவரே அன்றி, ஐயத்திற்கு உரியவர் அல்லர். பதிவேட்டை விரித்துக் காட்டுவதே உறுப்பினர் தரத்தக்க விடை. கேட்பவரும் ஆள்மேல் பழி சுமத்தாது, எந்த வேலை, எந்தத் தொகை, எந்த நாள் என்று குறிப்பிட்டுக் கேட்பாராக. அவ்வாறு கேட்டு அறிந்த ஐயம் ஊருக்கு நன்மையே பயக்கும். கேளாமல் மனத்தில் வளர்த்த ஐயமே பகையாக முற்றும்.