புரதம் தேடும் அறிவியல்

நுழையும்முன்

பால், முட்டை, மீன் ஆகியன சிறந்த புரத உணவுகள். ஆயினும், அவற்றை நாள்தோறும் வாங்க இயலாத வீடுகள் நம் நாட்டில் பல உள்ளன. அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டிய புரதத்தை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவுக்கு விடை தேடிய இந்திய ஆய்வுகள் சிலவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

மணிகளும் மாலையும்

நம் தசையும் தோலும் முடியும் புரதத்தால் கட்டப்பட்டவை. அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை போன்றது புரதம். அம்மணிகள் 20 வகைப்படும். அவற்றுள் 9 வகைகளை நம் உடலால் உருவாக்க இயலாது. உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும். புரதம் போதாவிடில் குழந்தையின் வளர்ச்சி குன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளரும்.

அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி; மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த நம் இட்லியும், சோறும் பருப்பும் சேர்ந்த மராத்தியரின் வரண்பாத்தும் இவ்வகையில் ஒன்றே.

புதிய புரத உணவு ஒன்று மக்களைச் சென்றடைய மூன்று தேர்வுகளில் வெற்றி பெற வேண்டும்.

முதல் தேர்வு: வயல்

பருப்பு வகைகளில் பொதுவாக 20 முதல் 25 விழுக்காடு புரதம் உண்டு. சோயா அவரையிலோ ஏறத்தாழ 40 விழுக்காடு உண்டு. கோர்படியில் வாழும் நமக்கு அருகில், இதே புனே நகரில், சோயா பற்றிய ஆய்வு நடைபெறுகிறது. தாவரவியல் அறிஞர் அகர்கர் முன்னின்று வளர்த்த ஆய்வுச் சங்கம் 1946இல் இங்கே தோன்றியது. அதன் ஆய்வு நிறுவனம் 1992 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்நிறுவனம் உருவாக்கிய இரகங்களுள் ஒன்று எம்.ஏ.சி.எஸ். 1407. இது ஹெக்டேருக்கு 39 குவிண்டால் வரை விளையக்கூடியது. 104 நாள்களில் முதிர்வது. 41 விழுக்காடு புரதம் கொண்டது. பூச்சித் தாக்குதலையும் தாங்குகிறது. விளைச்சல் இல்லையேல், எத்துணைச் சத்துள்ள விதையையும் உழவர் விதைக்க மாட்டார் அன்றோ?

இரண்டாம் தேர்வு: ஆய்வகம்

விளைந்தது அனைத்தும் உடனே உணவாகிவிடாது. பச்சைச் சோயாவில் உள்ள ஒரு பொருள், புரதத்தைச் செரிக்கச் செய்யும் டிரிப்சினைத் தடுக்கிறது. நன்கு வேகவைத்தால் அத்தடை பெரிதும் நீங்கும்.

மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தது. எண்ணெய் பிழிந்தபின் மாட்டுக்குச் செல்லும் அப்பிண்ணாக்கில் ஏறத்தாழப் பாதி புரதமே. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்தில், மூன்று பங்கு நிலக்கடலை மாவும் ஒரு பங்கு கடலைப்பருப்பு மாவும் கலந்து, வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்த்து, 'பல்பயன் உணவு' உருவாக்கப்பட்டது.

எனினும், 1960இல் இங்கிலாந்தில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் இலட்சத்துக்கும் மேலாக மடிந்தன. அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. நல்ல கடலையைத் தெரிந்தெடுத்து, உலர்த்தி, நஞ்சில்லை என உறுதி செய்வது அதன்பின் இன்றியமையாததாயிற்று.

மூன்றாம் தேர்வு: உண்கலம்

உலர்ந்த சுருள்பாசியில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதம் உண்டு. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் அதனை எளிய முறையில் வளர்க்கும் வழிகளை ஆராய்ந்தது. ஆனால், அதன் கரும்பச்சை நிறமும் மணமும் எல்லார்க்கும் பிடிப்பதில்லை. எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்யப்படும் மீல் மேக்கரோ, குழம்பின் சுவையை ஏற்றுக்கொள்வதால் பல வீடுகளில் இடம் பெற்றுவிட்டது. சத்து மிகுந்தது என்பதற்காக மட்டும் எந்தக் குழந்தையும் ஓர் உணவை விரும்பி உண்பதில்லை.

வயலில் விளைந்து, ஆய்வகத்தில் தூய்மை பெற்று, உண்கலத்தில் சுவைத்தால்தான் புரதம் பசித்த குழந்தையைச் சென்றடையும். ஒன்றில் தவறினாலும் மற்ற இரண்டும் பயன் தாரா.

சொல்லும் பொருளும்

விழுக்காடு – நூற்றில் பங்கு
இரகம் – பயிர் வகை
பிண்ணாக்கு – எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கை
உண்கலம் – உணவு உண்ணும் தட்டு

குறுவினா

1. இட்லியில் அரிசியும் உளுந்தும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை செய்கின்றன?
2. சோயாவை நன்கு வேகவைக்க வேண்டும். ஏன்?

சிறுவினா

புதிய உணவு எதிர்கொள்ளும் மூன்று தேர்வுகளுள் கடினமானது எது? காரணங்காட்டி எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலும் மராத்தி பேசும் நண்பர் வீட்டிலும் தானியமும் பருப்பும் சேர்த்துச் செய்யும் உணவுகளைக் கேட்டறிந்து பட்டியலிடுக.