நமது உல்லாசமும் நகரத்து மான்களும்

ஓய்வு நாளில் மர நிழலையும் திறந்த வெளியையும் நாடிச் செல்வது மனித இயல்பு. அது உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தரும். ஆனால், நாம் இளைப்பாறும் இடம் வேறு சில உயிர்களின் வீடு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

சென்னையிலுள்ள கிண்டி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. ஆளுநர் மாளிகையைச் சுற்றிப் பரந்திருந்த காட்டிலிருந்து கல்வி நிலையங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் நிலம் பிரிந்துபோயிற்று. எஞ்சிய பகுதியில் வெளிமான், புள்ளிமான், நரி, கீரி, குரங்கு முதலிய பாலூட்டிகள் வாழ்கின்றன. நாற்புறமும் நகரம் சூழ, தீவுபோல் நிற்கும் இத்தகைய காட்டைத் 'துண்டுபட்ட வாழிடம்' என்பர்.

பெருங்காட்டில் ஆள் அரவம் கேட்ட மான் விலகிச் சென்று வேறிடத்தில் மேயலாம். துண்டுக் காட்டிலோ, ஓடினால் சுவர். சுவரைத் தாண்டினால் சாலை. ஒவ்வொரு முறை தலைநிமிர்ந்து அஞ்சும்போதும் மேயும் நேரம் குறைகிறது; ஓடும்போது உடல் வலிமையும் வீணாகிறது. குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்கு இது பெரும் இழப்பாகும்.

சில விலங்குகள் பகலை நமக்கு விட்டுக்கொடுத்து இரவுக்கு மாறிவிடுகின்றன. ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் அறிஞர்கள் இதனை விளக்கினர். பகலிலும் இரவிலும் சரிபாதியாக நடமாடிய விலங்கு, மனிதர் நடமாட்டம் மிகுந்த இடத்தில் தன் நடமாட்டத்தில் 68 விழுக்காட்டை இரவில் வைத்துக்கொள்கிறதாம். வேட்டைக்காரருக்கு மட்டுமன்று, வெறுமனே நடந்து செல்பவருக்கும் அவை அஞ்சுகின்றன என்பதே இதில் வியப்பு!

குரங்குகள் இதற்கு நேர்மாறானவை. நாம் ரொட்டியும் கடலையும் கொடுப்பதால் அச்சம் நீங்கி, தாமே இரைதேடும் பழக்கத்தைக் குறைத்துப் பறித்துத் தின்னத் தொடங்குகின்றன. நாம் எறியும் பிளாஸ்டிக் பையை உணவு மணத்தால் மான்கள் விழுங்கிவிடுகின்றன. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கி, நாளடைவில் உயிரையே பறித்துவிடும்.

அப்படியாயின் பூங்காக்களைப் பூட்டிவிடலாமா? வேண்டாம். கண்ணால் காணாத உயிரிடம் பிள்ளைகளுக்கு அன்பு பிறப்பது அரிது. கட்டுப்பாடே தேவை. குறித்த பாதையை விட்டு விலகாமலும், கூச்சலிடாமலும், வானொலி முதலியவற்றை அலறவிடாமலும் செல்வோம். நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம். உணவு எதுவும் கொடாமல், கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டுவருவோம். மாலையில் உரிய நேரத்தில் வெளியேறுவோம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். விலங்குகளைச் சகோதரராகக் கருதியவர் அப்புனிதர். சகோதரர் வீட்டுக்கு விருந்தாகச் செல்பவர் அமைதியாகச் சென்று, அமைதியாகத் திரும்புவதன்றோ பண்பு? தோழியரே, அடுத்த சுற்றுலாவில் அப்பண்பைக் கடைப்பிடிப்போம்.