மயிரிழை இடைவெளி

மாணவர்களே, 'டியூனிங்' என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தில்லி கரோல் பாக்கில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அன்றாடச் சொல். அங்கு மோட்டார் சைக்கிள் கடைகள் தெருவை அடைத்து நிற்கின்றன. வண்டியை விரைவாக ஓடச் செய்வதே டியூனிங் எனப் பலர் எண்ணுவர். உண்மையில், எஞ்சினின் உறுப்புகளை உரிய அளவில் நிறுத்துவதே அதன் முதல் வேலை.

'டேப்பட்' இடைவெளியை எடுத்துக்கொள்வோம். காற்றும் எரிபொருளும் உள்ளே செல்லவும், எரிந்த புகை வெளியேறவும் எஞ்சினில் வால்வுகள் உள்ளன. வால்வின் தண்டுக்கும் அதனை அழுத்தும் உறுப்புக்கும் இடையே சிறு இடைவெளி வேண்டும். பல மோட்டார் சைக்கிள்களில் அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்; தடித்த தலைமுடி ஒன்றின் பருமன். உலோகம் வெப்பத்தால் விரியும். ஆதலால் எஞ்சின் நன்கு குளிர்ந்த பின்னரே, 'ஃபீலர் கேஜ்' என்னும் மெல்லிய தகட்டை இடையே செலுத்தி அளப்பர். இடைவெளி மிகுந்தால் 'டிக் டிக்' என்று ஓசை எழும். குறைந்தாலோ ஓசையே இராது. ஆனால் வால்வு முழுதும் மூடாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வால்வின் விளிம்பு கருகும். ஓசையை அடக்கினால் போதும் என்று திருகாணியை இறுக்குபவர் வண்டியைக் கெடுக்கிறார்.

பளுதூக்குதலிலும் இத்தகைய ஓசையற்ற பிழை உண்டு. தூக்கும்போது தண்டு உடலை ஒட்டியே மேலெழ வேண்டும். அது சற்று முன்னே விலகினாலும், சிறு எடையாயின் வலிமையே அக்குறையை மறைத்துவிடும். பெரிய எடையில்தான் குறை வெளிப்படும். அதனால் நல்ல பயிற்றுநர் எடையைக் கூட்ட விரைவதில்லை.

போட்டியில் 'ஸ்னாட்ச்', 'கிளீன் அண்டு ஜெர்க்' என இரு முறைகள். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். தண்டின் எடையைக் கூட்டலாம், குறைக்க இயலாது. எனவே, முதலில் எவ்வளவு கேட்பது என்பதிலேயே அடக்கம் வேண்டும். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். மணிப்பூரின் மீராபாய் சானு 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். 2024இல் பாரிசில் அவர் தூக்கியது 199 கிலோ. வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200 கிலோ. ஸ்னாட்ச்சில் இருவரும் 88 கிலோ. அடுத்த முறையில் ஒரே ஒரு கிலோ வேறுபாடு!

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. எஞ்சினைக் குளிரவைத்து அளக்கிறோம். உடலைச் சூடேற்றிய பின்னரே சோதிக்கிறோம். எஞ்சினுக்குரிய அளவு கையேட்டில் அச்சாகியிருக்கும். உடலுக்கு அத்தகைய கையேடு இல்லை. உறக்கமும் உணவும் அதன் திறனை நாள்தோறும் மாற்றும். ஆதலால் வீரர் தம் பயிற்சியைக் குறிப்பேட்டில் எழுதி, தமக்குரிய கையேட்டைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார். மெக்கானிக்கின் வேலையினும் இது கடினமானது என்றே தோன்றுகிறது.

சொற்பொருள்
மயிரிழை – முடியளவு, மிகச் சிறிய அளவு
பருமன் – தடிப்பு
பளு – சுமை
திருகாணி – திருகி இறுக்கும் ஆணி

பயிற்சி
1. டேப்பட் இடைவெளி குறைவது, மிகுவதைவிடத் தீங்கானது ஏன்?
2. 'ஓசையற்ற பிழை' என்று பளுதூக்குதலில் எது கூறப்படுகிறது?
3. உங்கள் வீட்டருகே உள்ள பட்டறையில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து தமிழில் எழுதுக.